டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி தேர்தல்: யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்வது எப்படி?

அமெரிக்காவில் ஓட்டுரிமை இருந்தால், வாக்குச்சீட்டில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை அரசு வழக்கறிஞருக்கான இடத்தைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) யார்மேல் வழக்குப் போடுவது, எந்தக் குற்றப்பிரிவில், யாருக்குச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை கேட்பது என்பதெல்லாம் அந்த அலுவலகத்தின் கையில். பெரும்பாலான குற்ற வழக்குகள் ஜூரி வரை போகாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறைப்பு என்று பேரம் பேசியே முடிகின்றன, அதனால் அந்தப் பதவிக்கு அவ்வளவு பலம்.

முதலில் கவுண்டி தேர்தல் அலுவலகத் தளத்தில் மாதிரி வாக்குச்சீட்டைப் பாருங்கள். அப்புறம் பிரைமரி, அதாவது நவம்பர் தேர்தலுக்கு முன் நடக்கும் முதற்கட்டத் தேர்தலின் தேதி, இதுதான் முக்கியம். நியூயார்க், பென்சில்வேனியாவில் கட்சியின் பெயரில் பதிந்தவர்கள்தான் அந்தக் கட்சி பிரைமரியில் ஓட்டுப்போடலாம், ஒரே கட்சி வலுவாக உள்ள கவுண்டியில் நவம்பர் வரை காத்திருந்தால் பெரும்பாலும் முடிவு ஏற்கெனவே ஆகியிருக்கும். கலிபோர்னியாவில் சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது; பெரும்பாலான கவுண்டிகளில் பிரைமரியிலேயே பாதிக்கு மேல் வாங்கினால் ஜெயித்த மாதிரிதான்.

வேட்பாளர் கூட்டத்துக்குப் போனால் நேராகக் கேளுங்கள்: எந்த வழக்கில் ஜாமீன் தொகை கேட்பீர்கள், சிறுவர்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு அனுப்புவீர்களா, போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் யார் விசாரிப்பார்கள்? மழுப்பினால் குறித்துக்கொள்ளுங்கள். நன்கொடைப் பட்டியல் பொது ஆவணம், அதையும் ஒருமுறை பாருங்கள்.