ட்ரோனுக்கு ஆள் பிடிக்கும்போது நேரும் தவறுகள்

மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்தபின் படைப்புழுவுக்கு மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை. அந்தத் தவிப்பில்தான் உடுமலை, பல்லடம் பக்கம் பலர் ட்ரோனைக் கூப்பிடுகிறார்கள். ஏக்கருக்கு என்ன வாடகை, எப்போது வருவீர்கள் என்று கேட்கிறோம். பறக்கவிடுகிறவரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. முதல் தவறு அதுதான்.

2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிடுகிறவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். "இருக்கிறது" என்று வாயால் சொன்னால் போதாது, வாங்கிப் பாருங்கள். எந்த வகை ட்ரோனுக்கு என்பது அதில் இருக்கும். கல்யாணத்தில் படம் எடுக்கும் சிறு ட்ரோன் பெரும்பாலும் 2 கிலோவுக்குள் அடங்கிவிடும். மருந்தோடு சேர்ந்து 2 கிலோவைத் தாண்டி 25 கிலோ வரை கனக்கும் ட்ரோன் வேறு வகை. முதலாவதை நன்றாக ஓட்டுகிறவர் இரண்டாவதையும் ஓட்டுவார் என்று நம்பிக் காட்டை ஒப்படைக்காதீர்கள். ட்ரோனின் பதிவு எண்ணையும் மூன்றாம் நபர் காப்பீட்டையும் அதே கையோடு கேட்டுவிடுங்கள். மின்கம்பியில் மோதி விழுந்தபின் கேட்டுப் பயனில்லை.

பீளமேடு விமான நிலையத்தையும் சூலூர் விமானப்படைத் தளத்தையும் ஒட்டிய ஊர்க்காரர்கள், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தங்கள் காடு எந்த நிறத்தில் வருகிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். தாழப் பறந்தால் யாருக்குத் தெரியும் என்று சொல்கிறவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

டேங்க் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேற்று வேறொரு காட்டில் 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் இன்று பருத்திக்கு வந்தால், அடியில் தங்கிய மிச்சமே இலைகளை விரல்போல் ஒடுக்கி நீட்டிவிடும். கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே டேங்கும் குழாயும் நாசிலும் கழுவப்படட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது காற்றைப் பார்க்காத அவசரம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று என்ன வேகத்தில் வரும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஒரு நாளில் எங்கள் ஊரில் மேற்கே ஒரு சோளக்காட்டில் மருந்து அடித்தார்கள். கிழக்கே இருந்த மல்பெரித் தோட்டத்தில் மறுநாள் தழை வெட்டிப் பட்டுப்புழுக்களுக்குப் போட்டார்கள். கூடு கட்ட நான்கு நாள் இருந்த புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டின, பச்சை நீரைக் கக்கின, சாயங்காலத்துக்குள் தட்டு தட்டாகச் சுருங்கிக் கிடந்தன. புழு வளர்த்த அந்த அம்மா ஒவ்வொரு தட்டாக வாரிக் கூடையில் கொட்டியதை நின்று பார்த்தேன்.

முதல் நாளே அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குச் சொல்லிவிடுங்கள். கிழக்கே மல்பெரி இருந்தால், காற்று அடங்கிய காலை கிடைக்கும்வரை ட்ரோன்காரரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பாதவர் வேண்டாம்.