ஏற்காடு ஏறுற காருக்கு கெட்டி ஆயில்தான் போடணுமா? இன்ஜின் ஆயில்ல நம்மாளுங்க பண்ற தப்புங்க

சேலத்துல ஆயில் மாத்தப் போனா நிறைய பேரு சொல்ற யோசனை, "நம்மூரு வெயிலுக்கு கெட்டியா போட்டுக்கங்க, ஏற்காடு வேற ஏறுறீங்க, 20டபிள்யூ-50ங்கற கெட்டி கிரேடுதான் தாங்கும்". பழைய அம்பாசடருக்கு அது சரிதாங்க. இப்போ வர்ற சின்ன பெட்ரோல் கார்கள்ல பலதுக்கு கம்பெனியே 0டபிள்யூ-20, சிலதுக்கு 0டபிள்யூ-16னு சொல்றான், பேரிங் கேப்பு, ஆயில் பம்ப்பு எல்லாமே அந்த மெல்லிசு ஆயிலுக்குன்னே பண்ணது, அதுல போயி 50 ஊத்துனா மைலேஜும் போகும், காலைல ஸ்டார்ட் பண்ணதும் மேல வால்வ திறக்குற கேம்ஷாஃப்டுக்கு ஆயில் போய்ச் சேரவும் லேட்டாகும்.

டபிள்யூன்னா விண்டர், குளிர்ல எவ்வளவு சுலபமா ஓடுதுங்கறதுக்கு முன்னாடி இருக்குற நம்பர். நம்மூர்ல ஏதுங்க குளிருன்னு அதை விட்டுடுறாங்க. ஆனா ஓடுற இன்ஜின்ல ஆயில் 100 டிகிரி கிட்ட இருக்கும், அதுக்கு முன்னாடி சேலத்து காலை 28 டிகிரியும் குளிருதான். 40 டிகிரில அளந்து பாத்தாலே 20டபிள்யூ-50, 0டபிள்யூ-20ய விட மூணு மடங்குக்கு மேல கெட்டி. பின்னாடி நம்பர் 100 டிகிரில இருக்குற கெட்டித்தனம். வெளிய 40 டிகிரி அடிச்சாலும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் கூலன்ட்டை 90 சுத்தி பிடிச்சு வச்சுக்கும், அதனால ஊரு வெயில வச்சு கிரேடு மாத்தாதீங்க.

மலை ஏத்தம் வேற விஷயம். அடிவாரம் தாண்டி அந்த 20 கொண்டை ஊசி வளைவும் ஃபுல் லோடு, ஏசி, செகண்ட் கியர்னு ஏறுனா ஆயில் நல்லாவே சூடாகும், ஒத்துக்கறேன். அதுக்கும் மேனுவல்தான் பாக்கணும். அதுல 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 ரெண்டும் போடலாம்னு டேபிள் இருந்து, நீங்க அடிக்கடி ஆள் ஏத்திட்டு மேல போறவர்னா 40 எடுங்க, தப்பில்ல. டேபிள்லயே இல்லாத நம்பர மெக்கானிக் வாய்வார்த்தைக்கு போடாதீங்க.

கிரேடு மட்டும் பாத்துட்டு ஸ்பெக்க, அதாவது தர அளவ, விடுறதுதான் என்னக் கேட்டா பெரிய தப்பு. பெட்ரோலுக்கு ஏபிஐங்கற அமெரிக்க தர அளவுல எஸ்என், 2020ல வந்த எஸ்பி மாதிரி எழுத்து டப்பா பின்னாடி இருக்கும். டீசல் பிஎஸ்6 வண்டின்னா இன்னும் கவனம், டிபிஎஃப், அதாவது புகைக்கரிய பிடிக்கிற ஃபில்டர், இருக்குறதுக்கு ஆஷ் (எரிஞ்சா மிஞ்சுற சாம்பல்) கம்மியான ஆயில், பெரும்பாலும் ஏசிஇஏங்கற ஐரோப்பிய தர அளவுல சி2, சி3ன்னு கேப்பான். பழைய ரக லாரி ஆயில ஊத்துனா அந்த ஆஷ் ஃபில்டர்ல தங்கிடும், புகைக்கரி ரீஜெனரேஷன்ல (வண்டியே ஃபில்டர சூடாக்கி சுத்தம் பண்றது) எரியும், ஆஷ் எரியாது, பில்லு பெருசா வரும். அதே டீசல் வண்டி டவுனுக்குள்ளயே சின்ன சின்ன ஓட்டமா ஓடுனா பாதியில நிக்கிற ரீஜெனரேஷனால டீசல் ஆயில்ல கலந்து டிப்ஸ்டிக்ல லெவல் ஏறும். ஆயில் குறையலன்னு சந்தோஷப்படாதீங்க, மேக்ஸ் கோட்ட தாண்டுச்சுன்னா சர்வீஸ்ல காட்டுங்க.

லெவல் பாக்குறதும் சமதரைல, ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, துடைச்சு, மறுபடி விட்டு எடுக்கணும். மலைல சரிவுல நிறுத்தி பாத்துட்டு குறையுதுன்னு ஊத்துறாங்க, அதிகமானா உள்ள சுத்துற கிராங்க் அடிச்சு நுரை தள்ளும். டீசல்ல ஆயில் சீக்கிரமே கருப்பாகும், அது கெட்டதுக்கு அடையாளம் இல்ல, கரியை அது இழுத்து வச்சிருக்குன்னு அர்த்தம். சிந்தெடிக்குன்னு பேரு இருக்குன்னு 20,000 வரைக்கும் இழுக்கறதும் வேணாம், மேனுவல் சொல்ற கிலோமீட்டர் இல்ல ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அப்போ ஃபில்டரோட சேத்து மாத்துங்க.

மிச்சமான கார் ஆயில பைக்குல ஊத்துறவங்களும் இருக்காங்க. கியர் பைக்கு கிளட்ச் ஆயில்லயே ஊறுறது, மெல்லிசு கார் ஆயில்ல வழுக்கறதுக்குன்னு போட்டிருக்குற மருந்து அதையும் வழுக்க விட்டுரும், ஏத்தத்துல ஆக்சிலேட்டர முறுக்குனா சத்தம்தான் ஏறும், வண்டி ஏறாது. பைக்குக்கு ஜாசோங்கற ஜப்பான் தர அளவுல எம்ஏ, எம்ஏ2ன்னு போட்ட டப்பா தனியா வாங்கணும்.