கொழுப்பு நீக்கிய தாய்ப்பால்: என் அனுபவம்

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் என் மகளின் நெஞ்சுக்கூட்டில் நிணநீர் கசிந்து, வடிகுழாயில் வெள்ளையாக வரத் தொடங்கியதும், கைலோதோராக்ஸ் என்று சொல்லித் தாய்ப்பாலை நிறுத்தினார்கள். தாய்ப்பாலின் கொழுப்பு பெரும்பாலும் நீண்ட சங்கிலி வகை. அது நிணநீர்க் குழாய்கள் வழியே சென்று கசிவைக் கூட்டும்.

கொழுப்பை நீக்கினால் தாய்ப்பாலையே கொடுக்கலாம் என்றார்கள். பாலை வேகமாகச் சுழற்றிக் கொழுப்பைப் பிரிக்கும் மையவிலக்குக் கருவி இல்லாததால், உணவியல் நிபுணர் சொன்னபடி, உயரமான குறுகிய பாட்டிலில் மெல்லிய குழாயை அடிவரை முதலிலேயே இறக்கிவிட்டு, எடுத்த பாலை ஊற்றி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் அசையாமல் வைத்தேன். காலையில் மஞ்சள் ஆடை மேலே திரண்டிருக்க, கீழே நீலம் பாய்ந்திருந்த பாலை மட்டும் சிரிஞ்சால் மெல்ல உறிஞ்சினேன். கரண்டியால் ஆடையை வழித்தால் எல்லாம் கலங்கிவிடும்.

எஞ்சிய கொழுப்பைச் சோதித்த பிறகே குழந்தைக்குக் கொடுத்தார்கள். கலோரிக்கு, பெரும்பாலும் நிணநீர் வழியே செல்லாமல் நேரே இரத்தத்தில் சேரும் நடுத்தரச் சங்கிலி எண்ணெயையும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் நிபுணரே அளந்து சேர்த்தார். (இதை வீட்டில் தானாக முயலக் கூடாது.) கசிவு நின்ற பிறகும், முழுத் தாய்ப்பாலுக்குத் திரும்பச் சில வாரங்கள் காத்திருக்கச் சொன்னார்கள்.