ஹெமிஸில் பனிச்சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்கா சுமார் 4,400 சதுர கி.மீ. பரப்புள்ளது. அங்கே போகிறவர்கள் செய்கிற தவறுகளில் ஆபத்தானது, லே நகரில் விமானம் இறங்கிய அன்றோ மறுநாளோ பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவது. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ரும்பக் ஏறக்குறைய 4,000 மீட்டர். லேயில் இரண்டு முழு நாள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். தலைவலியோடு குமட்டலோ பசியின்மையோ சேர்ந்தால் அது மலைநோய். வலி மாத்திரை போட்டு அதை மறைத்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். மலைநோயைத் தடுக்கும் அசிட்டசோலமைட் மாத்திரையை (வழக்கமாக 125 மி.கி., காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து) மருத்துவரைக் கேட்டே எடுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி சுருசுருப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அம்மாத்திரையின் இயல்பு, பயம் வேண்டாம். மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது. தூக்கத்தில் மூச்சை அவை இன்னும் மந்தமாக்கும்.

கோடையில் போவது இன்னொரு தவறு. மலையேற்றத்துக்கு அது நல்ல காலம், பனிச்சிறுத்தைக்கு அல்ல. ஜனவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பனி மூடுவதால் பரல் என்னும் நீல ஆடுகள் கீழே இறங்கும்; பனிச்சிறுத்தையும் பின்னாலேயே வரும். அதன் இணைசேரும் பருவமும் அதுதான்.

வந்தபின் பள்ளத்தாக்கெல்லாம் நடந்து தேடுகிறார்கள். பாறை நிறத்தில் படுத்திருக்கும் விலங்கு நடப்பவரை முதலில் பார்த்துவிடும். ஒரே இடத்தில் உட்கார்ந்து, 8x42 (8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) இருகண் தொலைநோக்கியால் மலைமுகட்டுக் கோட்டை மெதுவாகத் துழாவுங்கள். ஐயம் வந்தால் முக்காலியில் நிறுத்திய 20-60 மடங்கு ஸ்கோப்பால் உறுதிசெய்யுங்கள். நீல ஆடுகள் மேய்வதை விட்டு எல்லாம் ஒரே பக்கம் விறைத்துப் பார்த்தால், அவை பார்க்கும் சரிவைத்தான் நீங்களும் பார்க்க வேண்டும்.

அடித்த இரையருகே சிறுத்தை இருப்பது தெரிந்ததும் படத்துக்காக நெருங்குவதை மன்னிக்கவே முடியாது. ஒரு பரல் அதற்குப் பல நாள் சாப்பாடு. விரட்டப்பட்டால் இரையைத் தெருநாய்கள் தின்றுவிடும், சிறுத்தை வேறொன்றை அடிக்க வேண்டும். அது யாருடைய பட்டி ஆடாகவாவது இருக்கலாம். உள்ளூர் வழிகாட்டி நில் என்ற இடத்தில் நில்லுங்கள்.

இரவில் -20 டிகிரிக்கும் கீழே போகும். பேட்டரிகளை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். வெளியிலிருந்து வரும்போது கேமராவைக் காற்றுப்புகாத பையில் மூடியபின் சூடான அறைக்குள் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோக்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வாய்ப்பகுதி உறையாது. விறகடுப்பு எரியும் அறையில் எல்லா இடுக்கையும் அடைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும்.

வீடுகளில் தங்கும்போது உலர் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணை அள்ளிப் போடுங்கள். நாப்கினும் ஈரத்தாளும் அதில் விழவே கூடாது: மட்கியபின் அது அந்த வீட்டின் வயலுக்குத்தான் எருவாகப் போகிறது.