'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாட்டை 'சித்தார்த்தா' நாவலோடு சேர்த்துக் கேட்பது எப்படி?

யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 1972-ல் வந்தது. ஏறக்குறைய 19 நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இந்த ஒரே பாட்டுதான். வரிகள் பிடிபடாமல் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு இந்த வரிகளுக்கான தூண்டுதல் ஹெர்மன் ஹெஸ்ஸே 1922-ல் எழுதிய 'சித்தார்த்தா'. அங்கிருந்து தொடங்குங்கள்.

நேரமில்லாவிட்டால் 'ஆற்றங்கரையில்' முதலான கடைசி ஐந்து அத்தியாயங்கள் போதும். திருலோக சீதாராமின் தமிழாக்கமும் உண்டு. வாழ்க்கை கசந்துபோன சித்தார்த்தன் ஆற்றில் விழுந்து சாக நினைக்கிறான். அந்த நொடியில் உள்ளேயிருந்து 'ஓம்' எழுகிறது. பிறகு படகோட்டி வாசுதேவனிடம் தங்கி, ஆறு பேசுவதைக் கேட்கப் பழகுகிறான். விளிம்பருகே, ஆற்றங்கரையில் என்று பாட்டில் திரும்பத் திரும்ப வருவது இதே இடம்தான்.

கேட்க ஹெட்போன் நல்லது. தொடக்கத்தில் பறவைச் சத்தமும் நீரோட்டமும் மெல்லத்தான் வரும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்து ஸ்டீவ் ஹவின் கிதார் பாயும்போது காது வலிக்கும். பாடல் குரல் வர 4 நிமிடம் ஆகும். அந்த இரைச்சலைத் தாண்டிவிடாமல் கேளுங்கள், ஆற்றுக்கு வருவதற்கு முந்தைய மனக்குழப்பம் அதில் இருக்கிறது.

மொத்தம் நான்கு பகுதிகள். இரண்டாவது சுமார் 6-வது நிமிடத்திலும், மூன்றாவது எட்டரையிலும், நான்காவது 14-லும் தொடங்கும். அதிக கவனம் மூன்றாவதற்கு. தாளம் அடங்கிவிடும், கீழே துணைக்குரல்கள் ஒரு கதை சொல்ல, மேலே ஆண்டர்சன் வேறொன்று பாடுவார். ஒரு சுற்று கீழ்க்குரலை மட்டும், அடுத்த சுற்று மேல்குரலை மட்டும் பிடியுங்கள். பல குரல்கள் ஒன்றாகக் கலக்கும் ஹெஸ்ஸேயின் ஆறு அப்போது புரியும். 12-வது நிமிடத்தை ஒட்டி அதிரும் ஆர்கன், லண்டன் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் ரிக் வேக்மன் வாசித்தது.

வரிகளைக் கையில் வைத்துக்கொள்வது இரண்டாம் முறைக்கு. ஒவ்வொரு வரிக்கும் நாவலில் ஒரு காட்சி தேடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். முதல் வரியின் சூனியக்காரி நாவலில் கிடையாது. ஆண்டர்சன் சொற்களை ஓசைக்காகவும் தேர்ந்தெடுப்பவர். 'டோட்டல் மாஸ் ரிடெய்ன்' என்ற பெயரில் 3 நிமிடச் சொச்சத்துக்கு ஒன்று கிடைத்தால், அது முழுப் பாட்டு அல்ல, இரண்டாம் பகுதியை ஒட்டிய சிறு வடிவம்.