செடி வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. வாங்கி வந்த பிறகுதான் ‘இதை எங்கே வைப்பது?’ என்று சுற்றிப் பார்ப்போம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வெளிச்சம் இருப்பதும் வெயில் விழுவதும் ஒன்றல்ல. ரோஜா, காகிதப்பூ போன்றவற்றுக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்த காகிதப்பூ சாகாது. இலையாகத் தள்ளிக்கொண்டே போகும், பூவை மட்டும் காட்டாது. ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்து, வெயில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரோரம் தனிக்கணக்கு. பிற்பகல் வெயிலோடு சுவரின் சூடும் சேரும். அங்கே பெரணியை வைத்தால் ஓரமெல்லாம் கருகிவிடும்.

அடுத்தது வடிகால். என்னைக் கேட்டால் உரத்தைவிட இதுதான் முக்கியம். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு அளந்து பாருங்கள். மணிக்கு 2–3 செ.மீ. இறங்கினால் கவலையில்லை. மறுநாளும் நீர் நின்றால் லாவெண்டர், ரோஸ்மேரி ஆசையை விட்டுவிட்டுக் கல்வாழை நடலாம். அது ஈரத்தை விரும்பும். வேருக்கும் காற்று வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும், மேலே இலை வாடும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னொரு குடம் ஊற்றுவோம் பாருங்கள், அதுதான் கொடுமை!

புதினாவையும் ரோஸ்மேரியையும் ஒரே தொட்டியில் வைத்தவன் நான். ஒன்றுக்கு எப்போதும் ஈரம் வேண்டும், மற்றதற்கு மண் காய வேண்டும். ரோஸ்மேரிதான் போனது.

சுண்ணாம்பு மண் காரத்தன்மையுள்ளது; அதில் அசேலியா, கார்டீனியா போன்ற பூச்செடிகள் வேண்டாம். மண்ணில் இரும்பு இருந்தாலும் அவற்றால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகும். ஆசை விடவில்லையா? அமிலத்தன்மையுள்ள கலவை போட்டுத் தொட்டியில் வளருங்கள்.

வளர்ந்தால் எவ்வளவு உயரம், அகலம் என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நிழல்வலைக்கடியில் வளர்ந்த செடியை வந்த அன்றே உச்சிவெயிலில் வைக்காதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில் போதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவரலாம்.