மென்பவளத்தில் அழற்சி எதிர்ப்புச் சேர்மம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சினுலேரியா, சார்கோஃபைட்டன், லோபோஃபைட்டம் என்று எந்த மென்பவளத்தை (கல் எலும்புக்கூடு இல்லாத பவளம்) எடுத்தாலும் டைட்டர்பீன்கள், அதாவது 20 கார்பன் அடிப்படையிலான இயற்கைச் சேர்மங்கள், கொட்டிக் கிடக்கும். 14 கார்பன் வளையம் கொண்ட செம்ப்ரனாய்டுகள்தான் அதில் பெரும்பங்கு. சாறு எடுப்பது சுலபம், ஓரளவு பிரிப்பதும் சுலபம், செல்லில் போட்டால் ஏதாவது ஒன்று 'வேலை செய்யும்'. புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இந்தச் சுலபத்தில்தான். குப்பியில் பெயர் எழுத மறப்பது, எடை குறிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லவில்லை. அவை ஒருமுறை பட்டால் தானே சரியாகும். ஆண்டுதோறும் புது ஆட்களோடு திரும்பி வரும் தவறுகள் வேறு.

அடையாளத்துக்கு எதுவும் வைக்காமல் அரைத்துவிடுவது

சினுலேரியாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நீருக்கடியில் எடுத்த படத்தை வைத்து இனப்பெயர் எழுதினால் அது ஊகம்தான். சாறு எடுக்கும் முன்பே கிளைநுனியோடு ஒரு துண்டும் அடிப்பாகத்தில் ஒரு துண்டும் வெட்டி 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். டிஎன்ஏவுக்கு அரிசி அளவு ஒரு துணுக்கு, 95 சதவீத எத்தனாலில். ஃபார்மலின் வேண்டாம், நாளடைவில் அமிலமாகி, இனத்தைக் காட்டிக்கொடுக்கும் சுண்ணாம்பு முட்களையே கரைத்துவிடும். பார்க்கும்போது சிறு துணுக்கின் மேல் சலவை பிளீச் சில துளிகள் விட்டால் சதை கரைந்து முட்கள் அடியில் தங்கும். நீரில் அலசி நுண்ணோக்கியில் வைக்கலாம். சினுலேரியாவின் மேல்தோலில் கதாயுத வடிவ முட்களும், உட்பகுதியில் பரு நிறைந்த, இருமுனையும் கூர்ந்த தடித்த கதிர் வடிவ முட்களும் இருக்கும். நுனியை மட்டும் வெட்டி வைத்தால் பாதிக் கதைதான் தெரியும்.

உணர்கொம்பை எண்ணாமல் கை வைப்பது

மென்பவளப் பாலிப்புக்கு எட்டு உணர்கொம்புகள், ஒவ்வொன்றும் இறகு போல. அப்படி இல்லையென்றால் அது ஜோயாந்திடாக, அதாவது பவளங்களுக்கு உறவான வேறொரு கடல் உயிரியாக, இருக்கலாம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு உண்டு. அரைக்கவோ கொதிக்க வைக்கவோ கூடாது.

மெத்தனாலில் பிறந்த 'புதிய' சேர்மம்

எபாக்சைடும் லாக்டோனும் உள்ள மூலக்கூறை மெத்தனாலில் நாள்கணக்கில் ஊறவைத்தால் மெத்தாக்சி சேர்ந்த ஒன்று முளைக்கும். அதைப் பவளம் செய்ததாக அறிவிக்கும் முன், வேறொரு துண்டை அசிட்டோனிலோ எத்தில் அசிட்டேட்டிலோ எடுத்து, அதே உச்சி எல்சி-எம்எஸ்ஸில் (பிரித்து நிறை அளக்கும் கருவி) வருகிறதா என்று பாருங்கள். கரைப்பானை 40 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் ஆவியாக்குங்கள். என்எம்ஆருக்கு (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுக்கும் டியூட்டீரோ குளோரோஃபார்மில் அமிலத் தடம் இருக்கும். கார அலுமினாவில் வடித்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. ஃபியூரான் வளையம் உள்ளவை வெளிச்சத்தில் கெடும், பழுப்புக் குப்பியில் வையுங்கள்.

செத்த செல்லை அழற்சி தணிந்த செல் என்று படிப்பது

அதிகம் செலவு வைப்பதும், இன்றும் பார்த்த மாத்திரத்தில் எரிச்சல் வருவதும் இதுதான்.

வழக்கமான சோதனை எல்லோருக்கும் தெரியும். ரா 264.7 சுண்டெலி மேக்ரோபேஜ் (நோயெதிர்ப்பு) செல்களை 96 குழி பிளேட்டில் குழிக்கு 50,000 முதல் 1,00,000 வரை இட்டு, ஓர் இரவு ஒட்டவிட்டு, சேர்மத்தைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியா உறைப்பொருள்) கொடுப்பார்கள். 24 மணி நேரத்தில் செல்கள் விட்ட நைட்ரிக் ஆக்சைடு ஊடகத்தில் நைட்ரைட்டாக நிற்கும். நைட்ரைட்டைக் காட்டும் கிரைஸ் கரைசல் சேர்த்தால் இளஞ்சிவப்பு. 540 நானோமீட்டரில் அளக்கலாம். நிறம் வெளிறினால் அழற்சி குறைந்தது என்று எழுதிவிடுகிறார்கள். செல் செத்தாலும் நிறம் வெளிறத்தான் செய்யும். வீடு முழுக்க எரிந்து முடிந்தபின் தீ தானாக அடங்குவதை அணைத்ததாக யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மென்பவளச் சேர்மங்களில் இந்த ஆபத்து கூடுதல். லோபோஃபைட்டத்திலும் சினுலேரியாவிலும் வரும் பல செம்ப்ரனாய்டுகளில் ஆல்ஃபா மெத்திலீன் லாக்டோன் இருக்கிறது. புரதத்தின் சிஸ்டீனில் உள்ள தையோலை (கந்தகத் தொகுதி) அது தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். குறைந்த அளவில் அழற்சிச் சமிக்ஞை தடைபடலாம். சற்றே கூடினால் செல்லே போய்விடும். சினுலேரியாவில் கிடைக்கும் சினுலாரின் என்ற செம்ப்ரனாய்டு அழற்சியைத் தணிப்பதாகவும் ஆய்வுகள் உண்டு, புற்றுசெல்லைக் கொல்வதாகவும் ஆய்வுகள் உண்டு. இரண்டும் ஒரே மூலக்கூறுதான்.

அளவுமானியில் வைக்கும் முன் பிளேட்டைத் தலைகீழ் நுண்ணோக்கியில் பாருங்கள். எல்பிஎஸ் மட்டும் பெற்ற குழியில் செல்கள் பரந்து, தட்டையாகி, உள்ளே குமிழ்களோடு இருக்கும். நல்ல தடுப்பானின் குழியில் அதே நெருக்கத்தில், சிறிதாக, உருண்டையாக ஒட்டியிருக்கும். நச்சுக் குழியில் அடித்தளம் திட்டுத்திட்டாகக் காலியாகி, சுருங்கிய செல்கள் பளபளத்தபடி மிதக்கும். பின்னிரண்டு குழிகளும் அளவுமானியில் ஒரே எண்ணைக் காட்டும்.

'எம்டிடி (செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் நிறச் சோதனை) செய்தோம், நச்சில்லை' என்று பதில் வரும். கேட்டால் வேறு நாள், வேறு பிளேட், எல்பிஎஸ் இல்லாமல். அது செல்லாது. என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சிச் சமிக்ஞை வழியை அடைத்த மேக்ரோபேஜுக்கு எல்பிஎஸ்ஸே எமனாகிவிடும். தனியாகக் கொல்லாத டோஸ் எல்பிஎஸ்ஸோடு சேர்ந்தால் கொல்லும். ஆகவே அதே குழியில் மேல்திரவம் 50 முதல் 100 மைக்ரோலிட்டர் கிரைஸுக்கு எடுத்துவிட்டு, எஞ்சிய செல்லுக்கே எம்டிடி போடுங்கள்: மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம், 2 முதல் 4 மணி நேரம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. நைட்ரிக் ஆக்சைடு மைட்டோகாண்ட்ரியாவை முடக்குவதால், எல்பிஎஸ் மட்டும் பெற்ற குழியே 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாம். பிறகு நைட்ரிக் ஆக்சைடை நிறுத்தும் எந்தச் சேர்மமும் செல்லைக் 'காப்பாற்றியதாக' காட்டும். செத்த செல்லிலிருந்து வெளிவரும் எல்டிஹெச் என்சைமின் கசிவையும் கூடவே அளந்தால்தான் தெளிவு வரும்.

டோஸ் ஒன்று போதாது. 1, 3, 10, 30 மைக்ரோமோலார் என்று போங்கள். சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் 0.1 சதவீதம். உயிர்ப்பு 90 சதவீதத்துக்குக் கீழே போன டோஸைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுங்கள். தடுக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் ஐந்து மடங்குகூட இடைவெளி இல்லையென்றால் அந்தச் சேர்மத்தில் நேரம் போடுவதில் பயனில்லை.

வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் புரதத்தைப் பிரித்து அளக்கும் சோதனை) காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஜெல்லில் குழிக்குக் குழி ஒரே 30 மைக்ரோகிராம் புரதம் ஏற்றுவதால், பாதி செல் காணாமல் போயிருந்தாலும் ஒப்பீட்டுக்கான பீட்டா ஆக்டின் புரதப் பட்டை அழகாகவே நிற்கும். அதற்குப் பதில் எல்பிஎஸ் கொடுத்த 15 முதல் 30 நிமிடத்தில் ஐகப்பாபி-ஆல்ஃபா (என்எஃப்-கப்பா-பியை அடக்கி வைக்கும் புரதம்) சிதைகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் செல் சாக நேரமிருக்காது. முன்கூட்டியே தையோல் கொண்ட என்-அசிட்டைல் சிஸ்டீன் சில மில்லிமோலார் சேர்த்தால் விளைவு மறைகிறது என்றால், தையோல் பிடிப்புதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். செல்லே இல்லாமல் 50 மைக்ரோமோலார் நைட்ரைட்டில் சேர்மத்தைக் கலந்து கிரைஸ் நிறம் குறைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்; சில சேர்மங்கள் அந்த வேதிவினையையே கெடுக்கும்.

இவ்வளவுக்கும் கொஞ்சம் நேரம்தான் கூடுதல். செய்யாவிட்டால், பிரிப்புக் குழாயில் (காலம்) பல வாரம் பிரித்துச் சேர்த்த சில மில்லிகிராமும் நச்சுப் பொருளின் மேல் செலவாகியிருக்கும்.

முழுச் சாறும் ஒரே திசையில் இழுக்கும் என்ற நம்பிக்கை

1969இல் கரீபியன் கடலின் பிளெக்சாரா ஹோமோமல்லாவில் வைன்ஹைமரும் ஸ்ப்ராகின்ஸும் கண்டது புரோஸ்டாகிளாண்டின்களை, அழற்சியில் பங்குள்ள சேர்ம வகையை. மென்பவளங்களின் உறவான கடல் சாட்டை அது. அழற்சியைத் தணிப்பவை இருக்கும் கூட்டத்திலேயே அழற்சியோடு தொடர்புடையவையும் உண்டு.

சூடோப்டெரோசினைச் சாட்சிக்கு இழுப்பது

அது கரீபியன் கடல் சாட்டை ஒன்றின், அழற்சி எதிர்ப்புக்குப் பெயர்போன டைட்டர்பீன் கிளைக்கோசைடு (சர்க்கரை ஒட்டிய டைட்டர்பீன்). தோல் பூச்சுகளில் இடம்பிடித்தது. உங்கள் செம்ப்ரனாய்டுக்கும் அதற்கும் அமைப்பில் ஒற்றுமை இல்லை.

'எல்லாம் உள்ளே வாழும் பாசியின் வேலை'

டைட்டர்பீனைப் பவளம் செய்வதில்லை என்போர் சொல்வது இது. ஆனால் 2022இல் வெளியான ஆய்வுகள் டெர்பீன் வளையமாக்கும் என்சைம் மரபணுக்களைப் பவளத்தின் சொந்த மரபணுத்தொகுப்பிலேயே காட்டின.

மில்லிகிராம் கணக்குப் போடாமல் எலிக்குப் போவது

200 கிராம் எலிக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் 2 மில்லிகிராம். ஆறு எலிக்கு 12. 3, 10, 30 என்று மூன்று டோஸ் வைத்தால் மொத்தம் 52 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே ஒரு முறைக்கு. கையில் 4 மில்லிகிராம் இருக்கும்போது காராஜீனன் பாத வீக்கச் சோதனையை (எலியின் பாதத்தில் காராஜீனன் செலுத்தி வீக்கத்தை அளப்பது) ஆய்வுத் திட்டத்தில் எழுதாதீர்கள். மீண்டும் கூட்டத்தை வெட்டப் போவதாக இருந்தால் அனுமதிக் கடிதத்தில் உள்ள எடை வரம்பை முதலில் படியுங்கள். முழுக் கூட்டத்தையும் பெயர்க்காமல் அடிப்பாகத்தை விட்டுவிட்டு மேற்கிளைகளை மட்டும் எடுங்கள்.